காசு அகலத்தில் திரும்பிய வாழ்க்கை

ஆங்கிலத்தில், அதிலும் அமெரிக்கர்கள் பேசும் ஆங்கிலத்தில், ஒரு வழக்கு உண்டு. நிலைமை சட்டென்று தலைகீழாகிவிட்டால், 'டர்ன் ஆன் எ டைம்' என்பார்கள். இந்த 'டைம்' நேரத்தைக் குறிக்கும் டைம் அல்ல. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். ஆனால் இது ஒரு காசு. ஒரு டாலரில் பத்தில் ஒரு பங்கான பத்து சென்ட் நாணயம். லத்தீனில் 'பத்தில் ஒன்று' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர்.

அமெரிக்காவில் இன்று புழங்கும் காசுகளிலேயே அகலத்தில் சின்னது இதுதான். 18 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. 2011-ல் செல்லாமல் போனதே நம்முடைய 25 பைசா ஸ்டீல் காசு, அதைவிட ஒரு நூல் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் காசின் அகலத்துக்குள் ஒரு குதிரையோ காரோ வளைந்து திரும்பிவிட முடியுமானால், அது எவ்வளவு சடக்கென்ற திருப்பமாக இருக்க வேண்டும்! அதைத்தான் மனித வாழ்க்கைக்கும் பொருத்திச் சொல்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் இதையே தங்கள் ஊர்ப் பழைய ஆறு பென்ஸ் காசை வைத்துச் சொல்வார்கள்.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லையா? 'கண் மூடித் திறப்பதற்குள்' என்போம். 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்போம். ஆனால் ஓடம் வண்டியில் ஏற ஓரளவு அவகாசம் இருக்கிறது. காசின் மேல் திரும்பும் வண்டிக்கு அதுகூடக் கிடையாது.

நியூஜெர்ஸியில் இருக்கும் என் அக்கா பெண் ஒருநாள் போனில், வேலை போன கதையைச் சொல்லும்போது இந்த வார்த்தையைச் சொன்னாள். "என்னடி இது, காசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "தெரியலை சித்தி, எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன்" என்று சிரித்தாள். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மறக்காமல் ஒரு டைம் காசு கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு பக்கம் தீபமும் இலைகளும். மறுபக்கம் ஒரு மனிதரின் முகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் முகம்.

அந்தப் பழமொழி இந்த முகத்தை வைத்துப் பிறந்ததல்ல. ரூஸ்வெல்ட் அந்தக் காசில் ஏறுவதற்கு முன்பிருந்தே அது பேச்சில் உண்டு. ஆனாலும், ஒரே நாளில் தலைகீழாகத் திரும்பிய வாழ்க்கைக்கு இவரைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. அவர் கதை நம் வீடுகளையும் தொட்ட கதை.

இரண்டே நாளில்...

1921 ஆகஸ்ட் மாதம். ரூஸ்வெல்ட்டுக்கு 39 வயது. நல்ல உயரம், கம்பீரமான தோற்றம், பணக்காரக் குடும்பம். முந்தின வருஷம்தான் உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்தார். ஆனால் 'இவருக்கு எதிர்காலம் இருக்கிறது' என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். கனடாவைச் சேர்ந்த கம்போபெல்லோ தீவில் இருந்த தங்கள் கோடை வீட்டுக்கு, மனைவி எலினோரும் ஐந்து குழந்தைகளும் போயிருக்க, இவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆகஸ்ட் 10-ம் தேதி பிள்ளைகளோடு படகில் போனார். வழியில் ஒரு தீவில் காட்டுத் தீ, இறங்கி அணைத்தார்கள். பிறகு ஏரியில் நீச்சல், கடலில் ஒரு முழுக்கு. வீடு திரும்பி, ஈர உடையோடேயே உட்கார்ந்து தபால்களைப் படித்தார். உடம்பு குளிர்ந்து நடுங்கியது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை ஒரு கால் தளர்ந்தது. ஜுரம் அடித்தது. அதற்கும் மறுநாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் யார் துணையுமின்றி அவர் நடக்கவில்லை.

முதலில் வந்த டாக்டர் சளி ஜுரம் என்றார். அடுத்து வந்த பிரபல டாக்டர், முதுகுத் தண்டில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று சொல்லி, கால்களை அழுத்திப் பிடித்துவிடச் சொன்னார். எலினோரும், ரூஸ்வெல்ட்டின் நண்பர் லூயி ஹவ்வும் மாற்றி மாற்றிக் கால்களை நீவிவிட்டார்கள். நோயாளிக்கோ தொட்டாலே உயிர் போகிற வலி! ஆகஸ்ட் 25-ல் வந்த பாஸ்டன் டாக்டர் லோவெட்தான் இது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, என்று சொல்லி, நீவுவதை உடனே நிறுத்தச் சொன்னார். (அது போலியோவாக இல்லாமல் வேறொரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று 2003-ல் சில ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆனால் அன்று அவரும் டாக்டர்களும் நாடும் போலியோ என்றே நம்பினார்கள். பின்னால் நடந்ததெல்லாம் அந்த நம்பிக்கையால்தான்.)

படுக்கையிலேயே கணவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, பல வாரம் அவர் அறையிலேயே சோபாவில் படுத்து எழுந்தவர் எலினோர். பெரிய வீட்டு மருமகளாக இருந்தும், நர்ஸ் செய்ய வேண்டிய அத்தனை வேலையையும் தன் கையாலேயே செய்தார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது நமக்கும் பழக்கமான சங்கதி. மாமியார் சாரா, "என் பிள்ளை பட்டது போதும். அரசியலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கிராமத்து வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும்" என்கிற கட்சி. மருமகளோ, அவரை அப்படி மூலையில் உட்கார வைத்தால் மனசும் முடங்கிவிடும் என்று நினைத்தார். தாய்க்குத் தாய்ப் பாசம். மனைவிக்கு மனைவியின் கணக்கு. ஜெயித்தது மருமகள். கூட்டம் என்றாலே கூச்சப்பட்ட எலினோர், கணவரின் பெயர் மக்களுக்கு மறந்துபோகக் கூடாது என்பதற்காக மேடையேறிப் பேசக் கற்றுக்கொண்டார். அதே எலினோர்தான் பிற்பாடு, 1948-ல் வெளியான ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தார். திரும்பியது கணவரின் வாழ்க்கை மட்டுமா?

எங்கள் வீட்டுத் திருப்பம்

ரூஸ்வெல்ட்டின் கதையைப் படித்தபோது என் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. அறுபதுகளில் அவர் மகனுக்கு, எனக்கு அண்ணன், மூன்று வயதில் ஜுரம் வந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் இடுப்பில் ஒரு ஊசி போட்டுவிட்டு வந்தார்கள். விடிந்ததும் ஒரு கால் இல்லை!

"முந்தா நாள் சாயங்காலம் தெருவுல டயர் உருட்டினான்டி. வெடிஞ்சு எழுப்பினா காலு துணி மாதிரி தொங்குது" என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொரு வாக்கியம். "நான் பாவி, அந்த ஊசிக்குத் தூக்கிட்டுப் போனேனே!"

இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எத்தனை தாய்மார்கள் சொல்லியிருப்பார்கள்! 'ஊசி போட்டதால் கால் போயிற்று' என்பது ஊருக்கு ஊர் கேட்ட பேச்சு. அதில் எவ்வளவு உண்மை?

இந்தப் போலியோ கிருமி வாய் வழியாக உள்ளே போகிறது. அசுத்தத் தண்ணீர், கழுவாத கை, இவைதான் அதற்கு வண்டி. தொண்டையிலும் குடலிலும் பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்த குழந்தையைத் தேடுகிறது. கிருமி உள்ளே போன குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிலருக்குச் சாதாரண ஜுரம் வந்து போய்விடும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கிருமி முதுகுத் தண்டுக்குப் போய், தசைகளை அசைக்கும் நரம்பு அணுக்களை அழிக்கிறது. தொட்டால் உணர்ச்சி இருக்கும், அசைக்கத்தான் முடியாது.

கிருமி ஏற்கனவே உடம்பில் இருக்கும் சமயத்தில் தசையில் ஊசி குத்தினால், அந்த இடத்து நரம்பு வழியாகவே அது முதுகுத் தண்டுக்குப் போக வழி கிடைத்துவிடலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆக, ஊசி கிருமியைக் கொடுக்கவில்லை. கிருமி முன்பே வந்துவிட்டது. ஊசி சில குழந்தைகளுக்கு நிலைமையை மோசமாக்கியிருக்கலாம். அதை எந்தத் தாயால் அறிந்திருக்க முடியும்? ஜுரத்தோடு துவளும் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது பாவமா? இதை எடுத்துச் சொல்ல இன்று பெரியம்மா இல்லை. இந்த உறுத்தலோடு இருக்கும் வயசான அம்மாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களாவது சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இது அந்தக் கிருமி ஊரெல்லாம் திரிந்த காலத்துக் கதை. இதைக் காரணம் காட்டி இன்று குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்காதீர்கள்.

தபாலில் வந்த காசுகள்

ரூஸ்வெல்ட் முடங்கிப்போகவில்லை. சாதாரண நாற்காலிக்குச் சின்னச் சக்கரம் வைத்துக்கொண்டார். கால்களில் இரும்புப் பட்டை கட்டி, முழங்காலில் பூட்டி, ஒருவர் தோளைப் பிடித்தபடி நின்றார். ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் இயற்கையான வெந்நீர் ஊற்று இருந்தது. வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் கால்கள் லேசாக அசைவதைக் கண்டு, 1926-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, தன்னைப் போன்றவர்களுக்குச் சிகிச்சை நிலையமாக்கினார். 1928-ல் நியூயார்க் கவர்னராகத் தேர்வானார். 1932-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். தொடர்ந்து நான்கு முறை ஜெயித்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

1938 ஜனவரியில் இந்த நோயை ஒழிக்க ஒரு தேசிய நிறுவனம் ஏற்படுத்தினார்கள். பணத்துக்கு எங்கே போவது? எட்டி கேன்டர் என்ற பிரபல ஹாஸ்ய நடிகருக்கு ஒரு யோசனை. 'ஆளுக்கு ஒரு டைம், பத்தே சென்ட், நேராக ஜனாதிபதிக்குத் தபாலில் அனுப்புங்கள்' என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டார். 'டைம்களின் அணிவகுப்பு' என்று அதற்குப் பெயரும் சூட்டினார்.

வந்தது பாருங்கள் தபால்! ஜனாதிபதி மாளிகையில் கடிதம் பிரிக்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்ததைக் கண்டு திணறிப்போனார்கள். எண்ணிப் பார்த்தபோது 26,80,000 காசுகள். அதாவது 2,68,000 டாலர். பணக்காரர் ஒருவர் எழுதிய செக் அல்ல இது. பிள்ளைகள் உண்டியலை உடைத்தும், வீட்டுக்காரிகள் மளிகைச் செலவில் மிச்சம் பிடித்தும் அனுப்பிய காசுகள்.

1945 ஏப்ரல் 12-ல், அதே வார்ம் ஸ்பிரிங்ஸில், ரூஸ்வெல்ட் காலமானார். அடுத்த வருஷம் ஜனவரி 30-ல், அவர் பிறந்த நாளன்று, அவர் முகம் பொறித்த டைம் காசு வெளிவந்தது. எத்தனையோ காசு இருக்க அந்தக் காசிலேயே அவர் முகம் ஏறியதன் காரணம் இதுதான்.

வாசல் விளக்கை ஏற்றிய தாய்மார்கள்

கோடை வந்தாலே அமெரிக்கத் தாய்மார்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நீச்சல் குளம் கூடாது, சினிமா கூடாது, கூட்டம் கூடாது. மாரியம்மன் காலத்தில் நம் ஊரில் எப்படிப் பயப்படுவார்களோ, அப்படி. 1952-ல் மட்டும் அந்த நாட்டில் ஏறக்குறைய 58,000 பேருக்கு நோய் கண்டது; 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மூச்சு விடும் தசைகளும் செயலிழந்தவர்களை, தலை மட்டும் வெளியே தெரியும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் படுக்க வைப்பார்கள். காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மூச்சு விட வைக்கும் இயந்திரம் அது. 'இரும்பு நுரையீரல்' என்று பெயர். ஆஸ்பத்திரி வார்டில் வரிசையாக அந்தப் பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிஞ்சு முகம்!

இதில் விசித்திரம் என்ன தெரியுமா? சுத்தமாக வாழ ஆரம்பித்த நாடுகளில்தான் இது கொள்ளைநோயாகப் பரவியது. முன்பெல்லாம் குழந்தைகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே கிருமியைச் சந்தித்தன. அப்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி பாதுகாத்தது. குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் வந்தபின், கிருமியைச் சந்திப்பது தள்ளிப்போயிற்று. தாய் தந்த பாதுகாப்பு தீர்ந்த வயதில் கிருமி வந்தது. அதற்காகச் சுத்தத்தை விட்டுவிட முடியுமா? தடுப்பு மருந்து கண்டுபிடிப்பதுதான் வழி.

1950 ஜனவரியில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் தாய்மார்கள் ஒரு காரியம் செய்தார்கள். 'போலியோ நிதி தர விருப்பமுள்ளவர்கள் இன்றிரவு வாசல் விளக்கை ஏற்றி வையுங்கள்' என்று முன்கூட்டி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, குறித்த நேரத்தில் தெருத் தெருவாக இறங்கினார்கள். விளக்கு எரிந்த வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார்கள். ஒரே மணி நேரத்தில் 44,000 டாலருக்கு மேல் சேர்ந்தது! அடுத்த வருஷம் நாடு முழுக்க இது பரவியது.

பெண்களின் பங்கு உண்டியலோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலிய நர்ஸ் எலிசபெத் கென்னி, கை கால்களை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்த அக்கால வழக்கத்தை எதிர்த்தார். வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியால் ஒற்றடம் கொடுத்து, மெல்ல மெல்லத் தசைகளைப் பழக்கினார். 1940-ல் அமெரிக்கா வந்து டாக்டர்களோடு மல்லுக்கு நின்று அதை ஏற்க வைத்தார். செத்த கிருமியைக் கொண்டு குரங்குகளைப் போலியோவிலிருந்து காக்க முடியும் என்று நாற்பதுகளில் காட்டியவர் இசபெல் மார்கன். நரம்பைத் தாக்குமுன் கிருமி ரத்தத்தில் வந்து போகிறது என்று கண்டறிந்தவர்களில் ஒருவர் டாரத்தி ஹார்ஸ்ட்மன். ரத்தத்தில் வருகிறது என்றால், அங்கேயே மடக்கிவிடலாமே! தடுப்பு மருந்துக்கு நம்பிக்கை தந்த செய்தி இது.

டாக்டர் ஜோனாஸ் சால்க் தயாரித்த தடுப்பூசியை 1954-ல் பரிசோதித்தபோது, சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் அந்தச் சோதனையில் பங்கெடுத்தார்கள். அரசாங்கக் கட்டாயம் இல்லை. பெற்றோர் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். சோதனைச் செலவுக்கு வழி செய்தது அந்தப் பத்து சென்ட் நிறுவனம். 1955 ஏப்ரல் 12-ல், ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து வருஷம் முடிந்த அன்று, 'மருந்து பலிக்கிறது' என்று அறிவித்தார்கள். ஆலய மணிகள் முழங்கின.

ஆனால் நிலைமை அத்தோடு நின்றதா? இரண்டே வாரம்! கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி தயாரித்த மருந்தில் கிருமி முழுசாகச் சாகவில்லை என்று தெரியவந்தது. சுமார் 200 பேருக்குக் கை கால் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். தடுப்பூசியை நிறுத்தி, எங்கே பிசகு என்று கண்டு, விதிகளைக் கடுமையாக்கி, மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பயந்து மூட்டை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அமெரிக்க மண்ணிலேயே பரவிய பழைய போலியோ 1979-ல் முற்றுப் பெற்றது.

நம் வாசலுக்கு வந்த சொட்டு

நம் நாட்டுக்கு உதவியது வாயில் விடும் சொட்டு மருந்து. டாக்டர் ஆல்பர்ட் சேபின் உருவாக்கியது. ஆனால் மேல்நாட்டில் மூன்று தடவை கொடுத்தால் போதும் என்ற மருந்து, நம் குழந்தைகளுக்குப் போதவில்லை. இதை ஆராய்ந்து சொன்னது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான். கூடுதல் தவணைகள் வேண்டும். ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லிவந்தார். "எத்தனை தடவைதான் சொட்டு மருந்து! போன மாசம்தானே குடுத்தோம்?" என்று பூத்தில் அலுத்துக்கொண்டோமே, அதற்குப் பதில் இதுதான்.

1995-ல் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையன்று பள்ளிக்கூடத்திலும், பஸ் ஸ்டாண்டிலும், கோயில் வாசலிலும் மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள் யார்? அங்கன்வாடிப் பெண்கள், நர்ஸுகள், சத்துணவு ஆயாக்கள். குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்து, மறுநாள் வீடு வீடாகப் போய் விரல் பார்த்து, சுவரில் சாக்பீஸால் குறித்தவர்கள். 2009-ல்கூட இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு இந்த நோய் கண்டது. உலகத்தின் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி நம்முடையது. 'இந்தியாவில் ஒழிக்கவே முடியாது' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கடைசிக் குழந்தைக்கு நோய் கண்டது 2011 ஜனவரி 13, மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது.

ஆகையால் கவலை விட்டது என்று இருக்கலாமா? 2022-ல் அமெரிக்காவிலேயே, நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்து ராக்லாண்ட் வட்டாரத்தில், தடுப்பு மருந்தே போட்டுக்கொள்ளாத ஓர் இளைஞருக்குக் கால் விழுந்தது. வேறு நாட்டில் கொடுத்த சொட்டு மருந்தின் பலவீனமான கிருமி, மருந்து போடாதவர்கள் மத்தியிலேயே நெடுநாள் சுற்றிச் சுற்றி மறுபடி பலம் பெற்றுவிட்ட வகை அது. எல்லாரும் மருந்து எடுத்துக்கொண்ட ஊரில் அந்தக் கிருமிக்குச் சுற்ற இடமில்லை. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் பழைய கிருமியே இன்னும் இருக்கிறது. டைம் காசின் ஊரிலேயே நிலைமை திரும்பியது என்றால், நம் ஊர் எம்மாத்திரம்?

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

* நம் அரசு அட்டவணைப்படி, பிறந்தவுடன் ஒரு தவணைச் சொட்டு மருந்து. பிறகு 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்து. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய மூன்று முறை போலியோ ஊசியும் உண்டு. ஒன்றரை வயதையொட்டி ஒரு பூஸ்டர் சொட்டு. அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்று தவறியிருந்தாலும் 'காலம் கடந்துவிட்டதே' என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

* போலியோ முகாம் அறிவித்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, முன்பே கொடுத்திருந்தாலும், மறுபடி கொடுங்கள். லேசான ஜலதோஷம் இருந்தாலும் கொடுக்கலாம்.

* பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனாலும் 14 நாளைக்குள் மலப் பரிசோதனை எடுப்பது அவசியம்.

* 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து நீவுவதோ, நீங்களாகவே ஊசி போடச் சொல்லிக் கேட்பதோ வேண்டாம். ரூஸ்வெல்ட்டின் வீட்டில் பட்ட பாடு போதும்.

* சிறு வயதில் போலியோ வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பல வருஷம் கழித்து, நன்றாக இருந்த காலிலும் அசதி, வலி, பலவீனம் வரலாம். என் அண்ணன் தபால் ஆபீஸ் வேலையில் ஓய்வு பெறும் வயதில் இப்படித்தான் தடுமாறினார். "சோம்பல்" என்று வீட்டில் கேலி செய்தார்கள். டாக்டர் பார்த்து, இது அந்தப் பழைய நோயின் பின்விளைவு என்று சொன்ன பிறகுதான் கேலி நின்றது. இப்படிப்பட்டவர்களை அதிகம் நடக்க வைக்காமல், இடையிடையே ஓய்வு கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

* கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்குமுன், ஊட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் இருக்கட்டும்.

வாழ்க்கை எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று நம்மால் சொல்ல முடியாது. அந்த அளவில் ஆங்கிலப் பழமொழி சரிதான். கெடுதல் வரும்போது காசு அகலத்தில் திரும்பிவிடுகிறது. ஆனால் அதைத் திருப்பி நல்ல வழிக்குக் கொண்டுவர, 26 லட்சம் காசும், பல லட்சம் தாய்மார்களின் நடையும், ஐம்பது அறுபது வருஷமும் தேவைப்பட்டிருக்கிறது. நம் பங்குக்குக் கேட்பது இரண்டு சொட்டுத்தான்.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? இன்றைக்கே அந்தத் தடுப்பூசி அட்டையை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.